சத்தம் எவ்வளவு வரும்?

"நம்ம கால் மடங்கலைன்னா ஊர்க்காலையெல்லாம் கட்டிப்போட்டுடணுமா, அண்ணே?"

ரொட்டிக்கடைக்காரி ஒபேதுலியா, பெரியவர் எவெலியோவைப் பார்த்து இப்படிக் கேட்டதும், வணிக வளாகத்தின் நடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

எவெலியோ சிரிக்கவில்லை. கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு, வளாகத்துக்குள் பார் வந்தால் என்னென்ன கெடும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். குடிகாரர்கள், சண்டை, தூக்கம், பிள்ளைகளின் படிப்பு.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அது எல்லாருக்கும் தெரியும்.

பார் வந்தால் சல்சா பாட்டும் ஜோடி ஆட்டமும் வரும். சல்சா வந்தால் எவனாவது ஒருவன் அவருடைய மேஜைக்கு வந்து, "ஐயா, அம்மாவோட ஒரு ஆட்டம் ஆடிக்கலாமா?" என்று மரியாதையாக அனுமதி கேட்பான். முடியாது என்று சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. மனைவி லுஸ் தாரி எழுந்து போவாள். முழங்கால் தேய்ந்த மனிதர் அவள் கைப்பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அறுபது வயதிலும் அவள் நடந்து போனால் திரும்பிப் பார்க்கிறார்கள், பாருங்கள். அதை நினைத்து நினைத்தே பாவம், அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு ஆறுதல், அவள் அவர் பக்கம்தான். "நமக்கெதுக்குங்க பாரும் கூத்தும்?" என்று முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

இன்னொரு துணை நெப்தாலி. மனைவியை இழந்தவன், மருந்துக்கடை வைத்திருப்பவன், வீட்டுக்கே வந்து எவெலியோவின் முழங்காலுக்கு ஊசி போடுகிறவன். பார் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவனும் அவனே. இப்போது எல்லாருக்கும் பின்னால், தன் கடைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

பார் வைக்க வந்திருந்த இளைஞன் யெய்சன் கடைசியாக ஒரு யோசனை சொன்னான். "சத்தம் சத்தம்னு சொல்றீங்க. எவ்வளவு வரும்னு ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டுறேன். கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

ஒலிபெருக்கி வந்தது. பாட்டு ஆரம்பித்தது.

எல்லாரும் நீதிபதிகள் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டார்கள். முகம் சொன்னபடி கேட்டது, கால் கேட்கவில்லை. சல்சாவுக்கே பேர்போன 'காலி' என்கிற அந்த நகரத்து மனிதர்களை, சல்சாவைப் போட்டுவிட்டு அசையாமல் உட்காரச் சொன்னால் நடக்கிற காரியமா? நாற்காலிகளுக்குக் கீழே செருப்புகள் மெல்லத் தாளம் தட்டின.

எவெலியோ ஓரத்து நாற்காலியில் இருந்தார். அங்கிருந்து முன்வரிசையும் தெரிந்தது, மருந்துக்கடைக் கதவும் தெரிந்தது.

பாட்டின் நடுவில், ஒரு மூச்சு நேரம், மேளங்கள் நின்றன.

லுஸ் தாரியின் வலது கால் பின்னால் போய், நுனிக்காலால் இரண்டு தரம் தரையைத் தொட்டது. இடது தோள் லேசாகச் சரிந்தது.

அதே மூச்சில் நெப்தாலியின் இடது கால் முன்னால் வந்தது. இரண்டு தரம் தரையைத் தொட்டது. வலது தோள் சரிந்தது.

அவள் முதுகுதான் அவன் பக்கம் இருந்தது.

எவெலியோ முப்பது வருஷம் அவளோடு ஆடியவர். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில்தான் அப்படி ஓர் அடி உண்டாகும். தனியாகப் பழகினால் வராது.

அவர் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

பாட்டு முடிந்தது.

"பார் வேண்டாம்ங்கிறவங்க கை தூக்குங்க" என்றாள் குடியிருப்புச் சங்கத் தலைவி.

லுஸ் தாரியின் கைதான் முதலில் எழுந்தது. மருந்துக்கடைக் கதவருகே இன்னொரு கை. அவள் கணவர் பக்கம் திரும்பி, "என்னங்க யோசனை, தூக்குங்க" என்று கிசுகிசுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அவள் பஸ் ஏறி, பால்மிராவில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போய்விடுவாள். பொழுது சாய்ந்து, கால் கடுக்க வந்து விழுவாள். பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லை என்பாள். அவர்தான் அந்தக் கால்களைப் பிடித்துவிடுவார்.

மருந்துக்கடையும் அன்றைக்கு மத்தியானம் பூட்டித்தான் கிடக்கும்.

"சரி, பார் வேணும்ங்கிறவங்க?"

எவெலியோவின் கை மேலே போனது.

"அண்ணே, இப்பத் தூக்கினா வேணும்னு அர்த்தம்!" என்று பதறினாள் ஒபேதுலியா.

"தெரியும்மா" என்றார். கையை இறக்காமலே யெய்சனைக் கேட்டார்: "தம்பி, ஞாயித்துக்கிழமை மத்தியானமும் பாட்டு உண்டுல்ல?"

"அன்னைக்கு இல்லாமலா, ஐயா!"

லுஸ் தாரி சட்டென்று திரும்பி, மருந்துக்கடைக் கதவைப் பார்த்தாள்.