சிந்து பார்டர்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்கு, ஆரணியில் வேணுகோபாலின் பட்டுக் கடையிலிருந்து ஆடித் தள்ளுபடி லைவ் தொடங்கியது.

கால் மணி நேரத்தில் ஆயிரத்து நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தறியில் இருக்கும்வரை டிசைனுக்கு எண்தான். எண்ணைச் சொல்லி யாரும் புடவை கேட்பதில்லை. அதனால் கடைக்கு வந்ததும் பெயர் வைத்துவிடுவார்கள். படம் ஓடினால் கதாநாயகியின் பெயர். பாட்டு ஓடினால் பாட்டின் முதல் சொல். சென்ற மாதம் பார்படாஸில் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பை வாங்கியதிலிருந்து ஒரு நீலப் புடவைக்குப் பார்படாஸ் என்று பெயர்.

"பார்படாஸ் ரெண்டே பீஸுதாங்க கீது. ஜல்தியா ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அப்புறம் பிளேன் புடிச்சுப் போனாலும் கெடைக்காது."

அடுத்து வேணுகோபால் எடுத்தது மாம்பழ நிறம், அரக்கு பார்டர். பெயர் சிந்து. மூன்று வருடமாக அந்தக் கடையில் அதிகம் விற்பது அதுதான்.

அந்தப் பெயர் ஏன் என்று ஒவ்வொரு லைவிலும் யாராவது கேட்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பெயர் உண்டு. காவடி எடுப்பவர்கள் பாடும் பாட்டுக்கு உண்டு. சினிமாத் தலைப்புகளில் உண்டு.

"ஒலிம்பிக்ல ஆடிகினு இருக்குதே, பேட்மிண்டன் பொண்ணு. அது பேருதாங்க" என்றார் வேணுகோபால்.

பிப்ரவரி வரை அவர் அப்படிச் சொன்னதில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேமரா முன்னால் நிறுத்துவார். "தோ, இவதாங்க சிந்து" என்பார்.

பிப்ரவரியில் அவள் அன்பரசுவோடு போய்விட்டாள். அவளோடு கல்லூரியில் படித்தவன். செய்யாறு கம்பெனியில் வேலை. தேவிகாபுரத்துக்குப் பக்கத்தில் காலனி வீடு. அம்மாவும் அப்பாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள்.

கம்பெனியில் விசாரித்தார்கள். வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். அன்பரசுவின் பெற்றோரிடம் வேணுகோபாலின் தம்பி கமலக்கண்ணன் போய் விசாரித்தார். அதற்குப் பிறகு அவர்களும் அந்த வீட்டில் இல்லை.

எங்கே இருக்கிறார்கள் என்று ஐந்து மாதமாகத் தெரியவில்லை.

புடவையின் பெயரை மட்டும் வேணுகோபால் மாற்றவில்லை. மாற்றச் சொன்ன தம்பியிடம், "ஓடிகினு இருக்கிற சரக்குடா" என்றார்.

பெயர் மாறாததை வேறு விதமாக எடுத்துக்கொண்ட ஒருத்தி லைவ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு ஒரு கமென்ட் வந்தது. கமென்ட்களைப் படித்துச் சொல்லும் ஜெயம், பழக்கத்தில் உரக்கவே தொடங்கினாள்.

"அப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சுடிதாரோடதான்பா நின்னேன். எனக்கு சிந்து ஒண்ணு..."

ஜெயம் நிறுத்திவிட்டாள். அவளும் சிந்துவும் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்ச்.

புடவை மடித்துக்கொண்டிருந்த திலகவதி, சிந்துவின் அம்மா, மடிப்பில் கையை வைத்தபடி இருந்தாள். கமலக்கண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

எதுவும் தெரியாத ஒருத்தி, பச்சையில் இருக்கிறதா என்று கேட்டாள்.

வேணுகோபால் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"குடுத்துட்டா போச்சு. நம்ம பொண்ணாச்சே. காசெல்லாம் வேணாம். அட்ரஸ் மட்டும் வாட்ஸ்அப்ல போடச் சொல்லு ஜெயம்."

திரையில் இதயங்கள் ஏறின.

கமென்ட் வந்த கணக்குக்குக் கடை போனில் ஜெயம் தட்டினாள்: "அப்பா மனசு மாறிட்டாருடி. சத்தியமா. என் முன்னாடிதான் சொன்னாரு. அட்ரஸ் அனுப்பு."

எதிர்முனையில் எழுதுவதும் நிறுத்துவதுமாக நான்கு நிமிடம் போனது.

பிறகு புது நம்பர் ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் முகவரி வந்தது. ஓசூர். தெரு, கதவு எண், முதல் மாடி, தண்ணீர் டேங்குக்கு எதிரில். கீழே, "அம்மா எப்படிக் கீறாங்க?"

திலகவதி அடுக்கிலிருந்த பன்னிரண்டு சிந்துவையும் பிரித்துப் பார்த்து, இழை பிசகாத ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் மஞ்சள் தடவினாள்.

"ஜாக்கெட்டும் தெச்சே அனுப்பிடலாமாடி? எளச்சிருப்பாளா?"

ஜெயம் அழுதுகொண்டே சிரித்தாள். அட்டைப் பெட்டியில் ஓசூர் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். வேணுகோபால் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். கதவு எண் சரிதானா என்று ஒருமுறை கேட்டார்.

பிறகு லைவைத் தொடர்ந்தார். மேலும் ஒன்பது சிந்து விற்றது.

பன்னிரண்டு பத்துக்கு லைவ் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கூரியர் கிடையாது. நேரிலேயே கொடுத்துவிட்டு வருவதாகக் கமலக்கண்ணன் சொன்னார்.

அவரோடு வண்டியில் நான்கு பேர் ஏறினார்கள். அவர்கள் கடை ஆட்கள் இல்லை.

பெட்டி மேசைமேலேயே இருந்தது.

திலகவதி அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். கையைத் தட்டிக் கூப்பிட்டாள். வண்டி முனையில் நிற்காமல் திரும்பியது.

ஜெயம் மேசையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். கடை போனைத் தேடினாள்; அது வேணுகோபால் கையில் இருந்தது. சிந்துவின் புது நம்பர் அதில் மட்டும்தான் இருந்தது.

"அங்கிள், அந்த போனக் கொஞ்சம் குடுங்க அங்கிள்."

"நாளிக்கு வாங்கிக்க" என்றார் வேணுகோபால். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார்.