முதலில் எதில் பட்டது

மதிய வெயிலில் ஷெட்டின் தகரக் கூரை டக் டக்கென்று விரிகிறது. பெயின்ட் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் நேற்றைய கால்பந்து ஆட்டத்தின் ஒரே காட்சி பதினோராவது முறையாக ஓடுகிறது: ஒருவன் சறுக்கி வந்து மோதுகிறான், எதிரணிக்காரனின் கால் முழங்காலுக்குக் கீழே மடங்குகிறது, அவன் அலறுகிறான். “பந்துலதான் மாப்ள மொதல்ல பட்டுச்சு,” என்கிறான் மெக்கானிக். “உன் கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு, மச்சான்? நேரா கால்ல ஏறுறான்,” என்கிறான் பெயின்டர், மெக்கானிக்கின் தங்கையைக் கட்டியவன். அவள் இருவருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த சாப்பாடு திறக்காமல் கிடக்கிறது. “வார்த்தைய அளந்து பேசு.” “கால ஒடிச்சவனுக்கு வக்காலத்து வாங்குற, நீ எனக்கு அளவு சொல்றியா?” மெக்கானிக் காட்சியை மறுபடி பின்னால் இழுக்கிறான். பந்தும் காலும் சேரும் இடத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டியதில் அங்கே கிரீஸ் அப்பியிருக்கிறது. இப்போது பந்தும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. அந்தக் கறுப்புத் திட்டைப் பார்த்துத்தான் இருவரும் கத்துகிறார்கள். பெயின்டரின் கையில் ஒரு ஸ்பானர் ஏறியிருக்கிறது. அலறல் மறுபடி எழுகிறது. “சே, பேசுறதே கேக்கல,” என்று அவன் போனின் சத்தத்தை அணைக்கிறான். அதற்கு மட்டும் மெக்கானிக் தலையாட்டுகிறான்.