கொடுத்து வைத்த உடம்பு

"இவன் கை போதும்" என்றார் பிச்சை முகம்மது, வீட்டு எஜமானியிடம். "இதைவிடக் கொழுத்த பிள்ளை இந்தப் பக்கத்துல கிடைக்காது தாயி."

ஏசம்மாள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள்.

ராஜபாளையத்தில் ஒரு பெரிய தெலுங்கு வீட்டின் கொல்லைப்புறம் அது. அதற்கு மேல் அவள் வரக் கூடாது. எந்தக் காலத்திலோ வடக்கேயிருந்து வந்து, காடு திருத்தி, கிணறு வெட்டி, இன்றைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி போட்டிருக்கிற சனம் அந்த வீட்டார். இந்த மண்ணிலேயே பிறந்து, அதே காட்டில் கூலிக்குப் பருத்தி எடுக்கிற சனம் ஏசம்மாள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பெயர் மாறிய பிறகும் அவளுக்கு நிற்கிற இடம் மாறவில்லை.

பிச்சை முகம்மது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற சர்க்கார் அம்மைகுத்துகிறவர். ஒரு பிள்ளைக்குக் குத்திவிட்டுப் போவார். ஒரு வாரம் கழிந்து அந்தக் கையில் கொப்புளம் பழுத்ததும் அதைக் கீறிப் பால் எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவார். பால் கொடுக்கிற பிள்ளை நல்ல சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கன்றுக்குட்டியைக் கீறி எடுத்த பாலும் சர்க்காரில் உண்டு. வீட்டு எஜமானி வெங்கம்மாதான் அது வேண்டாமென்று விட்டாள். வாயில்லாச் சீவனைக் குத்தினால் பாவமாம். ஏசம்மாளின் மகன் சத்தியநேசனுக்கும் இன்னும் பேச்சு வரவில்லை. அதை யார் பார்த்தார்கள்?

பக்கத்துத் தளவாய்புரத்தில் அம்மை பரவியிருந்தது. வெங்கம்மா பயந்துபோய், கை கொடுக்கிற பிள்ளைக்கு ஒரு மரக்கால் கம்பு என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

மழை பொய்த்துக் காட்டில் வேலை நின்றுபோன வருஷம். கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போன புருஷனிடமிருந்து சேதி இல்லை. அந்தக் கம்பு வந்தால்தான் ஏசம்மாள் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கும். அதற்காக மம்சாபுரத்திலிருந்து அவனைச் சுமந்துகொண்டு நடந்து வந்திருந்தாள்.

போன வாரம் குத்திய கையில் பழுத்திருந்த கொப்புளத்தை ஊசி கீறியது. சத்தியநேசன் அழவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"சமத்து" என்றாள் வெங்கம்மா.

அதே ஊசி வெங்கம்மாவின் மகன் கையில் இறங்கியது. அவன் தெருவே கேட்கும்படி அலறினான். விலா எலும்பு தெரிகிற ஒல்லிப்பிள்ளைதான். ஆனாலும் அவன் உதைத்த உதையில் பிச்சை முகம்மதுவின் தலைப்பாகை கழன்று விழுந்தது.

ஏசம்மாளின் நிழல் விழக் கூடாத வீடு. அவள் பிள்ளையின் சீழ் மட்டும் போகலாம். உயிர்ப்பயம் வந்துவிட்டால் தீட்டுக்கும் புத்தி வந்துவிடுகிறது.

வெங்கம்மா மகனைத் தோளில் போட்டுத் தெலுங்கில் ஏதேதோ சொல்லித் தேற்றினாள். தேற்றிக்கொண்டே சத்தியநேசனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். புஷ்டியான கன்னம். மினுமினுக்கிற கால். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"நெய்யும் பருப்புமா நானே பிசைஞ்சு ஊட்டுறேன் சாயபு. எம்பிள்ளை ஓணான் மாதிரி இருக்கான். இவங்க சனத்துக்குப் பாருங்க, வெறுங்கஞ்சியிலயே அம்புட்டும் ஒடம்புல ஒட்டிக்கிடுது. கொடுத்து வச்ச ஒடம்பு."

பிச்சை முகம்மது தலையாட்டினார். சர்க்கார் சம்பளம் வாங்குகிற மனுஷர், பெரிய வீட்டில் எதற்கும் தலையாட்டுவார்.

"ஏட்டி, என்னதான் குடுக்கே இவனுக்கு?" என்றாள் வெங்கம்மா ஏசம்மாளிடம்.

ஏசம்மாள் பிள்ளையின் காலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இருக்கிறதைக் குடுக்கேன் தாயி."

வேலைக்காரி மரக்கால் நிறையக் கம்பு கொண்டுவந்தாள். வெங்கம்மா அதைக் கையால் தடுத்து, பாதியைத் திரும்பக் குதிரில் கொட்டச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பழகிய கைதான் அது.

"இவ வீட்டுல வயிறு ஒண்ணும் வாடல. ஊருல எலும்பும் தோலுமா எம்புட்டுப் பிள்ளைக கெடக்கு. மிச்சம் அதுகளுக்கு ஆகட்டும்."

ஏசம்மாள் முந்தானையை ஏந்தினாள். நிறைந்த மரக்காலைக் கண்ணால் கண்ட பிறகு பாதியை வாங்குவது வெறுங்கையோடு போவதைவிடக் கொடுமையாக இருந்தது. ஆனால் அங்கே வாய் திறந்து எதைச் சொன்னாலும் அந்தப் பாதியும் போய்விடும்.

தெருமுனை வந்ததும் பிச்சை முகம்மது நின்றார்.

"விசனப்படாத. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னொரு வீட்டுல கேட்டிருக்காக. கொப்புளத்துல இன்னும் பால் இருக்கு. நாளைக்குக் காலையில தூக்கிட்டு வா, அங்கயும் ஏதாச்சும் குடுப்பாக."

"நாளைக்கு வேண்டாம் சாயபு. இப்பவே போயிருவோம்."

"இந்த வெயில்லயா? அப்படி என்ன அவசரம் உனக்கு?"

ஏசம்மாள் பிள்ளையின் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பிறகு விரலை எடுத்தாள். அழுத்திய இடம் பிசைந்த மாவைப் போலக் குழியாகவே நின்றது.

"இவன் அண்ணனும் கண்ணை மூடுறதுக்கு முந்தி இப்படித்தான் சதை போட்டான்" என்றாள்.