மாப்பிள்ளை வீட்டு ஸ்பீடு

மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் புவனகிரி கல்யாண மண்டபமே அதிரக் கத்தினார். "எங்களுக்கும் பொண்ணு வீட்டுக்கும் ஒரே வைஃபையா? மாப்பிள்ளை வீட்டுக்குன்னு ஒரு மரியாதை வேணாம்?"

மண்டபத்து நெட்வொர்க்கைப் பார்க்கும் கயல்விழி, ரூட்டர் செட்டிங்கில் வைஃபையை வீட்டுக்கு ஒன்றாக இரண்டாகப் பிரித்தாள். "ஸ்பீடு எப்படி வைக்கட்டும் சார்?"

"எல்லாம் எங்களுக்கு. அவுங்க போன்ல ஒரு போட்டோகூடப் போவக்கூடாது."

"சம்பந்தி, ஒரு விஷயம்..." என்று பெண்ணின் அப்பா குறுக்கே வந்தார்.

"நீங்க கம்முனு இருங்க!"

தாலி ஏறிய கையோடு, சிங்கப்பூரிலிருந்து மூத்த மகன் போனில் அழுதான். "லைவ் நின்னுடிச்சுப்பா. தம்பி தாலி கட்டுனத பாக்கவே முடியல!"

"எங்க வைஃபைய என்னம்மா பண்ணுன?" தணிகாசலம் கயல்விழிமேல் பாய்ந்தார்.

"உங்களுது பறக்குது சார். லைவ் கேமராதான் பொண்ணு வீட்டு வைஃபைல இருக்கு."

"அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் பெண்ணின் அப்பா. "வீடியோ பொண்ணு வீட்டு ஏற்பாடுன்னு நிச்சயத்தன்னிக்கு நீங்கதான கறாரா பேசுனீங்க?"