ஒடியாப் பக்கம்

"எழுதுடா!" மாரிக்கண்ணன் ஓங்கி அறைந்ததில் சுகாந்தின் உதடு கிழிந்து, கீபோர்டில் ரத்தம் சொட்டியது.

மில்லுக்கு வெப்சைட் செய்துகொடுக்க அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்த ரேணுகாதேவி பதறி எழுந்தாள். தமிழ், ஆங்கிலம், இந்திப் பக்கங்களை அவள் முடித்திருந்தாள். ஒடிசாவிலிருந்து இன்னும் ஆள் பிடிக்க ஒடியாப் பக்கமும் வேண்டும் என்றார் முதலாளி மாரிக்கண்ணன். அங்கே அந்த மொழியை எழுதத் தெரிந்தவன் தொழிலாளி சுகாந்த் மட்டும்தான்.

"அடிக்காதீக அண்ணாச்சி!"

"ஒன் சோலியப் பாரும்மா. நல்ல சம்பளம், நல்ல சாப்பாடுன்னு நாலு வரி எழுத இவனுக்கு வலிக்குதோ?"

சுகாந்த் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தான். பக்கம் அன்றே வெளியானது. ரேணுகா பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள், வெப்சைட்டில் படங்களை மாற்ற அவள் வந்திருந்தபோது போலீஸ் ஜீப்புகள் மில்லுக்குள் நுழைந்தன. போலீஸ்காரர்கள் நேராகப் போய்ப் பின்பக்கக் குடோனின் பூட்டை உடைத்தார்கள்.

மாரிக்கண்ணன் ரேணுகாவின் கழுத்தைச் சுவரோடு சேர்த்து நெரித்தார். "நீதானடி காட்டிக் கொடுத்த?"

"சத்தியமா நான் இல்ல!"

இன்ஸ்பெக்டர் அவரை இழுத்துக் கீழே தள்ளினார். "அந்தப் பொண்ண விடுய்யா. காட்டிக் கொடுத்தது ஒன் வெப்சைட்டுத்தான். அதப் படிச்சுட்டு ஒடிசாவுலருந்து போன் மேல போன் வருது."

தன் செல்போனில் அந்தப் பக்கத்தைத் தமிழாக்கிக் காட்டினார். மில்லின் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது:

"இங்கே வேலைக்கு வராதீர்கள். இருபத்து மூன்று பேரைக் குடோனில் பூட்டிவைத்து அடிக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் எங்களைக் காப்பாற்றுங்கள்."