டவருக்கு அடியில்

திருநகர் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நார்வே, ஜப்பான், ஸ்பெயின் என்று தனியாகச் சுற்றிவந்த கிருஷ்ணபிரசாத், மனைவி சாருலதா, அவள் தம்பி ஜெயராம். டிவியில் கிருஷ்ணபிரசாத் எடுத்த படங்கள் ஓடின. எல்லாமே கரண்டு டவர்.

“என்னைய ஒருநாளாவது இம்புட்டு ஆசையா எடுத்திருக்கீங்களா?” சாருலதாவுக்கு வயிறெரிந்தது.

“இரும்புகூடவாக்கா போட்டி?” என்று ஜெயராம் சிரித்தான். “மாமா, அடியில நிக்கிறது யாரு?”

“வழியில போன பொம்பள. டவர் எம்புட்டு உயரம்னு தெரியணும்ல, நிக்கச் சொன்னேன்.”

சாருலதா ரிமோட்டைப் பிடுங்கினாள். நார்வேயில் மஞ்சள் சுங்குடித் துப்பட்டா. ஜப்பானிலும் அதே துப்பட்டா, அதே முகம். ஸ்பெயினிலும்.

சாருலதா அவன் பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள்.

“சாரு, சொல்றதக் கேளு” என்றபடி அதை எடுக்க அவன் வெளியே போனான். பின்னாலேயே கதவைச் சாத்திப் பூட்டியது, சிரித்த தம்பிதான்.