நான்கு போன், ஒரு மீசை

"கௌசர்?"

"பிரசன்ட் மிஸ்."

கெசியா டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். ஆறாம் வகுப்புப் பெண்ணின் குரலில் பீடி வாசனை அடித்தது. பின்னால் லாரி ஹாரன் வேறு.

"கௌசர், கேமராவை ஆன் பண்ணு."

திரையில் ஒரு பெரிய மீசை தெரிந்தது. மாஸ்க் தாடையில் தொங்கியது. தலையில் நீலத் தொப்பி.

"யாருங்க நீங்க?"

"கரியப்பன் மேடம். கம்பெனி கேட்ல செக்யூரிட்டி."

"கௌசர் எங்கே?"

"மத்திகிரில, அவங்க வீட்ல. போன்தான் இங்க இருக்கு. கொரோனா ஆப்பைக் காட்டினாத்தான் ஆளை உள்ள விடுவோம். காட்டினதும் போனை வாங்கி வச்சுக்குவோம், உள்ள கொண்டு போகக் கூடாது. அதான் அவங்கப்பா எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு."

"அப்போ சல்மான்? அவன் பின்னாலயும் அதே ஹாரன் கேக்குதே?"

கரியப்பன் அடுத்த போனை எடுத்தார். சல்மானின் சதுரத்திலும் அதே மீசை.

"பிரசன்ட் மேடம்."

கூப்பிடாமலேயே ஜோஸ்வினும் தமிழ்செல்வியும் மீசையோடு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் நான்கு போனும் சேர்ந்து ஊளையிட்டன. வகுப்பே சிரித்தது.

"கேமரா போடாம மூணு வாரமா ஆள்மாறாட்டமா? இது வகுப்பா, டிராமா கொட்டகையா? நாலு பேர் பேரையும் இன்னிக்கே வெட்டிடறேன்."

"வெட்டிடாதீங்க மேடம். பிள்ளைங்களுக்கு ஒரு பாடமும் விட்டுப் போகல."

"ஓ! நேத்து நான் என்ன நடத்தினேன், சொல்லுங்க பார்ப்போம்."

கரியப்பன் லாரிக்காரரைக் கன்னடத்தில் அதட்டி நிறுத்திவிட்டு, கேட் பாஸ் புத்தகத்தைப் புரட்டினார்.

"லீவ் லெட்டர். மேல தேதி. அப்புறம் 'ரெஸ்பெக்டட் மேடம்'. கடைசில 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. நடுவுல 'சம்படி ப்ளீஸ் டர்ன் ஆஃப் தி குக்கர்'னு சொன்னீங்க. அது பாடமா, வீட்டு விஷயமான்னு புரியல. அதையும் எழுதிட்டேன். நாலு பிள்ளைங்களும் மனப்பாடம் பண்ணிட்டாங்க மேடம்."

"எப்படி?"

"கேட் பாஸ் கார்பன் இருக்குல்ல? நாலு தாளுக்கும் நடுவுல வச்சு எழுதுவேன். ஷிப்ட் விட்டதும் ஆளுக்கு ஒண்ணு அப்பாங்க கையில குடுத்தனுப்புவேன்."

கெசியா வகுப்பைப் பார்த்தாள்.

"மத்தவங்க சொல்லுங்க. நேத்து என்ன பாடம்?"

முப்பது கேமராக்கள், மழைக்கு முந்தைய வானம்போல, ஒவ்வொன்றாக இருண்டன.

"வெஸ்லின், நீ சொல்லு."

"நெட் ப்ராப்ளம் மிஸ். ஒண்ணுமே கேக்கல மிஸ்."

கெசியா நான்கு பேருக்கும் ஆஜர் போட்டாள்.

வகுப்பு முடிந்ததும் கௌசர் நம்பருக்குப் போன் செய்தாள். கரியப்பன்தான் எடுத்தார்.

"அண்ணா, உங்க கார்பன் அஞ்சாவது தாள் வரைக்கும் பதியுமா?"

"அழுத்தி எழுதினா பதியும் மேடம். யாருக்கு? எந்த கம்பெனி ஆளு பிள்ளை?"

கெசியா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெஸ்லினுக்கு. பக்கத்து ரூம்லதான் லேப்டாப்போட உட்கார்ந்திருக்கான், என் பையன்."